வீட்டிலிருந்து வேலை: உண்மையா, மோசடியா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

மாரி தொடங்கினால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள். கடலுக்குப் போகும் நாட்களும் குறையும். அந்த மாதங்களில்தான் எங்கள் கொமினிகேஷன் கடைக்கு அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ண வருகிறவர்கள் கூடுகிறார்கள். "ஒன்லைன் வேலைக்கு அனுப்பவேணும் அண்ணா" என்பார்கள். அப்படி உண்மையான வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள், சூமில் வகுப்பு எடுக்கிற ஆசிரியைகள், மொழிபெயர்ப்பும் வடிவமைப்பும் செய்கிற பிள்ளைகள் திருகோணமலையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அதே சொற்களோடு மோசடியும் வருகிறது. அதில் போவது பெரும்பாலும் நகையை அடகு வைத்தும் கடன் பட்டும் போட்ட காசு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுக்கு எது நடந்துகொண்டிருக்கிறதோ அதற்கு நேரே போங்கள். அதற்கு முன் எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு கேள்வி: நான் செய்து கொடுக்கும் இந்த வேலையை யார், எதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறார்? கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீனை வாங்குகிற முதலாளிதான் காசு கொடுப்பார். தேவைப்பட்டால் முற்பணமும் அவரே கொடுப்பார். மீன் பிடித்து வந்தவரிடம் அவர் காசு கேட்பதில்லை. வேலையும் அப்படித்தான். வாங்குகிறவர் யார் என்று சொல்ல முடியாத வேலையில், விற்கப்படுவது உங்கள் காசோ உங்கள் பெயரோதான்.

அறிகுறி: காசு அனுப்பிவிட்டேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது

மற்றதையெல்லாம் பிறகு வாசிக்கலாம். இப்போதே உங்கள் வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். அது ஏரிஎம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். நாங்கள் போனில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு அனுப்பும் காசு பெரும்பாலும் செஃப்ட்ஸ் என்ற முறையில் போகிறது. சில விநாடிகளில் மற்றக் கணக்கில் விழுந்துவிடும். அங்கிருந்து அவர்கள் அதை எடுக்கும் முன் அந்த வங்கிக்குத் தகவல் போனால்தான் தடுத்து வைக்க வாய்ப்பு உண்டு. "மோசடி என்று தெரியாமல் அனுப்பிவிட்டேன், காசைப் பெற்ற வங்கிக்கு உடனே அறிவியுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். யாரோடு பேசினீர்கள், எத்தனை மணிக்கு, முறைப்பாட்டு இலக்கம் என்ன என்பதை எழுதி வையுங்கள். அட்டை விபரமோ ஓடிபியோ (வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறைக் குறியீடு) கொடுத்திருந்தால் அதே அழைப்பில் அட்டையையும் ஒன்லைன் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆதாரம். கோபத்தில் குழுவை விட்டு வெளியேற வேண்டாம், அவர்களைத் திட்டவும் வேண்டாம். டெலிகிராமில் மறுபக்கத்தில் இருப்பவர் உரையாடலை அழித்தால் உங்கள் போனிலும் அது அழிந்துபோகும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்: அவர்களுடைய போன் இலக்கம், பயனர் பெயர், குழுவின் பெயர், இணையத்தள முகவரி, காசு போட்ட ஒவ்வொரு கணக்கின் இலக்கமும் பெயரும், வங்கிச் சிட்டைகள். எடுத்ததை நம்பிக்கையான இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

பிறகு பொலிஸ் நிலையம். உங்கள் பிரதேசத்துக்குரிய நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழில் பதியுமாறு கேளுங்கள், அது உங்கள் உரிமை. முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் திரும்ப வேண்டாம், வங்கி அதைக் கேட்கும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கீழ் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு ஒன்று இருக்கிறது. போலிப் பக்கம், பறிபோன வட்ஸ்அப் அல்லது பேஸ்புக் கணக்கு என்றால் இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணியின் 101 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்கவில்லை என்றால், வங்கிக்கு எழுத்தில் கொடுத்த பிரதியோடு மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குப் போங்கள்.

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வெட்கம். "படிச்சவள் ஏமாந்துட்டாள் என்று ஊர் சொல்லும்" என்று ஒரு தங்கச்சி என்னிடம் அழுதாள். தயவுசெய்து வெட்கப்பட வேண்டாம். இதைச் செய்கிறவர்கள் இதையே தொழிலாக, குழுவாக, கதை எழுதிவைத்துச் செய்கிறார்கள். 2024 ஜூனில் நீர்கொழும்பு உட்படச் சில இடங்களில் பொலிஸார் தேடுதல் நடத்திப் பல வெளிநாட்டவரைக் கைது செய்தார்கள். சமூக வலைத்தளத்தில் லைக் போட்டால் காசு என்று வட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்ட ஒருவர் கொடுத்த முறைப்பாட்டிலிருந்துதான் அந்த விசாரணை தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. ஒரு முறைப்பாடு அவ்வளவு தூரம் போகிறது.

இன்னொரு எச்சரிக்கை. காசு போன சில நாட்களில் "உங்கள் காசை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது வருவார்கள். வக்கீல் என்பார்கள், சைபர் பொலிஸ் என்பார்கள், ஹக்கர் என்பார்கள். முதலில் ஒரு கட்டணம் கேட்பார்கள். பெரும்பாலும் அவர்கள் அதே கும்பல், அல்லது அந்தக் கும்பல் விற்ற பட்டியலில் உங்கள் இலக்கத்தைக் கண்டவர்கள்.

அறிகுறி: வேலை தொடங்க முன் காசு கேட்கிறார்கள்

பெயர் மாறும்: பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டை அச்சிடும் செலவு, லப்டொப் அனுப்புவதற்கான வைப்பு, திருப்பித் தரப்படும் முற்பணம். பேனை பொதி செய்யும் வேலை, மெழுகுதிரி பெட்டியில் அடுக்கும் வேலை என்று வரும் விளம்பரங்களில் "பொருளைக் கொண்டுவரும் டெலிவரிக் காசு" என்று கேட்பார்கள். தொகை சிறியதாக இருக்கும், "இவ்வளவுதானே" என்று விட்டுவிடலாம் போல இருக்கும். ஒருவரிடம் சிறிது, ஆயிரம் பேரிடம் சிறிது.

பொதி வேலையைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. பேனை செய்கிற தொழிற்சாலையில் இயந்திரமே பெட்டியிலும் போட்டுவிடும். அந்தப் பேனையைக் கொழும்பிலிருந்து லொறியில் மூதூருக்கோ வெருகலுக்கோ அனுப்பி, வீட்டில் அடுக்குவித்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போக எவ்வளவு செலவு? ஒரு பேனை விற்கும் விலையில் அது கட்டுமா? கட்டாது என்றால் அங்கே வேலை இல்லை. இதோடு ஒப்பிட, உள்ளூர்த் தையல் கடை வெட்டிய துணியை வீட்டுக்குத் தந்து தைப்பித்து எடுக்கிறது. அதில் கணக்குக் கட்டுகிறது, துணியைத் தருகிறவரைத் தெரிகிறது, காசு அவரிடமிருந்து வருகிறது. அது உண்மையான வீட்டு வேலை.

செய்யவேண்டியது: "கட்டணத்தை முதல் மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். உண்மையான முதலாளிக்கு அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். மோசடிக்காரர் "கணினி ஏற்காது" என்பார், அல்லது "இடம் முடியப் போகிறது" என்று அவசரப்படுத்துவார். அதோடு உரையாடலை முடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்றார்கள், உண்மையாகவே காசும் வந்தது

இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். காசு வந்துவிட்டதே, பிறகு எப்படி மோசடியாகும் என்று நினைப்பதே காரணம். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தெரியாத இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு தகவல். ஒரு பெண் பெயர், அழகான படம், ஒரு பெரிய நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவு என்று அறிமுகம். கூகுள் வரைபடத்தில் மூன்று இடங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினால் சில நூறு ரூபா. செய்தால் உண்மையாகவே உங்கள் கணக்கில் விழும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ஒரு "வரவேற்பாளர்", ஒரு "ஆசிரியர்", உங்களைப் போன்ற பல "வேலையாட்கள்". காலையிலிருந்து இரவு வரை எல்லோரும் தங்களுக்குக் காசு வந்த ஸ்கிரீன்ஷொட்டைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ "முற்பணப் பணி" வரும். 3,000 ரூபா போட்டால் 4,000 ஆகத் திரும்பும். திரும்பவும் செய்யும். இதுதான் கண்ணி. அடுத்தது 15,000. அதற்குப் பிறகு "இது மூன்று கட்டப் பணி, மூன்றையும் முடித்தால்தான் எடுக்கலாம்" என்பார்கள். 40,000, பிறகு ஒரு இலட்சம். இடையில் நீங்கள் ஏதோ ஒரு பொத்தானைத் தவறாக அழுத்திவிட்டதாகவும், அதனால் குழுவில் மற்றவர்களின் காசும் மாட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். குழுவில் ஒருவர் "அக்கா, உங்களால என்ர காசும் போகப் போகுது" என்று கெஞ்சுவார். அந்த நேரத்தில்தான் வளையல் அடகு கடைக்குப் போகிறது.

இப்போது அந்தக் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். ஓர் இடத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டதை யார் வாங்குகிறார்? நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிற யாரையாவது கேளுங்கள், ஒரு நட்சத்திரத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பார்களா என்று. போலி மதிப்பீடு கூகுளின் விதிகளுக்கே முரண். கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள், அப்படி நீங்கக்கூடிய ஒன்றுக்கு யாரும் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. அப்படியென்றால் உங்களுக்கு வந்த முதல் சில நூறு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உங்களைப் போல ஏமாந்த இன்னொருவரின் காசு. அனுப்பியவரின் பெயரைப் பாருங்கள். கம்பனி பெயர் இருக்காது. யாரோ ஒரு தனிநபர், ஒவ்வொரு முறையும் வேறொருவர். குழுவில் இருக்கிற "வேலையாட்கள்" அவர்களுடைய ஆட்கள், ஒருவரே பல பெயரில் எழுதுவதும் உண்டு.

செய்யவேண்டியது: காசு போடச் சொன்ன அந்த நிமிடமே நில்லுங்கள். வந்த சிறு தொகை லாபம் என்று இன்னொரு முறை முயலவும் வேண்டாம். அந்தக் குழுவுக்கு நண்பர்கள் யாரையாவது சேர்த்திருந்தால் அவர்களுக்கும் உடனே சொல்லுங்கள்.

அறிகுறி: செயலியில் பெரிய தொகை காட்டுகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை

அந்தத் தொகை வெறும் இலக்கம். அவர்கள் செய்த இணையத்தளம், அவர்கள் தட்டிய எண். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம், "கிரெடிட் ஸ்கோர்" 80 ஆகிவிட்டது 100 ஆக்கக் காசு போடு என்று ஒவ்வொன்றாக வரும். முன்பு போட்டதைக் காப்பாற்றுவதற்காக மேலும் போடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய இழப்பு. முதலில் போன காசைவிட இந்தக் கட்டத்தில் போகிற காசு கூட.

வரிக்கதை கேட்டால் இதை நினைவில் வையுங்கள். இலங்கையில் வருமான வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போகிறது. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் விலக்கு இருக்கிறது. உங்கள் காசை நீங்கள் எடுப்பதற்கு முன்பாக டெலிகிராமில் இருக்கிற ஒருவரின் சொந்தக் கணக்குக்கு வரி கட்டும் முறை எந்த நாட்டிலும் இல்லை. உண்மையில் கழிக்க வேண்டியது இருந்தால் இருக்கும் தொகையிலேயே கழிப்பார்கள்.

அறிகுறி: உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கேட்கிறார்கள்

"எங்கள் வாடிக்கையாளர் காசு உங்கள் கணக்குக்கு வரும், ஐந்து வீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புங்கள்." அல்லது "ஏரிஎம் அட்டையையும் சிம்மையும் எங்களிடம் தாருங்கள், மாதம் வாடகை தருகிறோம்." இதில் நீங்கள் காசை இழப்பதில்லை. அதனால் பலர் பயமில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள். கெம்பஸ் பிள்ளைகள் கூட.

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று நினைக்கிறேன். அந்தக் கணக்குக்கு வருவது மேலே சொன்ன அக்காவின் வளையல் காசு. பொலிஸ் தேடி வரும்போது ஆவணத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் அடையாள அட்டை. 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் இந்த மாதிரிக் காசைக் கடத்துவதற்கும் பொருந்தும். "எனக்குத் தெரியாது" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கி, நடந்ததை எழுத்தில் கொடுங்கள். பொலிஸ் உங்களைத் தேடி வரும் முன் நீங்களே போய் முறைப்பாடு செய்வது உங்களுக்கு நல்லது. தெரிந்த சட்டத்தரணி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேட்கலாம்.

அறிகுறி: அடையாள அட்டை, செல்பி, ஓடிபி கேட்கிறார்கள்

வேலைக்கு அடையாள அட்டைப் பிரதி கேட்பது சாதாரணம். ஆனால் அது வேலை உறுதியான பிறகு. முதல் தகவலிலேயே அட்டையின் இரு பக்கமும், அதைக் கையில் பிடித்தபடி ஒரு செல்பியும் கேட்டால் அது உங்கள் பெயரில் வேறு எங்கோ கணக்குத் திறப்பதற்கு. எங்கள் கடையில் வேலைக்கு என்று பிரதி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: பிரதியின் குறுக்கே "இன்ன நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் போடுங்கள். எழுத்து அட்டையின் மேலேயே விழட்டும்.

சம்பளம் போடக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். ஓடிபி, பின், அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்கம் எதுவும் காசு பெறுவதற்குத் தேவையில்லை. வட்ஸ்அப்புக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டால் உங்கள் வட்ஸ்அப்பையே எடுக்கப் பார்க்கிறார்கள். போன் திரையை அவர்கள் பார்க்கும்படியான செயலியை இறக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு: "சாட் ஹோஸ்ட்", "மொடல்" என்று சொல்லி, நேர்முகத் தேர்வு என்று வீடியோவில் வரச்சொல்லி, பிறகு அந்தப் பதிவை வைத்து மிரட்டுவது நடக்கிறது. மிரட்டலுக்குக் காசு கொடுத்தால் அது நிற்காது. ஆதாரத்தை எடுத்துக்கொண்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்து சொன்னால் முதலில் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் காசு கட்டுகிறார்கள்.

அறிகுறி: பெரிய கம்பனியின் பெயரில் வந்திருக்கிறது, பதிவுச் சான்றிதழும் காட்டுகிறார்கள்

சான்றிதழின் படம் எதையும் நிரூபிக்காது, அதை யாரும் இணையத்தில் எடுத்து ஒட்டலாம். கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கம்பனிப் பெயரை நீங்களே தேடிப் பார்க்கலாம். தனியார் கம்பனிகளின் பதிவு இலக்கம் "பீவீ" என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ஆனால் பதிவில் இருப்பதால் மட்டும் நல்ல கம்பனி என்று ஆகிவிடாது. அடுத்த படி முக்கியம்: விளம்பரத்தில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு, அந்தக் கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, "இப்படி ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மின்னஞ்சல் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால், நேர்முகத் தேர்வு எழுத்து உரையாடலிலேயே முடிந்துவிட்டால், கேள்வி ஒன்றும் கேட்காமல் "தெரிவாகிவிட்டீர்கள்" என்றால், கம்பனிக்கு நீங்களே அழைத்துக் கேட்காமல் விடவே கூடாது.

அறிகுறி: வேலை என்று போனேன், ஆள் சேர்க்கச் சொல்கிறார்கள்

கீழே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதில் உங்கள் வருமானம் தங்கியிருந்தால் அது பிரமிட் திட்டம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலைப் பெயரோடு வெளியிடுகிறது. ஒன்மக்ஸ்டிடி, எம்டிஎஃப்இ என்ற பெயர்கள் அதில் வந்தவை. அவற்றையும் செயலியில் வீட்டிலிருந்து சம்பாதிக்கும் வழி என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். விளம்பரப்படுத்துவதும் குற்றம் என்பதால், மச்சாளையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துவிட்டவர் சட்டத்திலும் மாட்டலாம், உறவிலும் மாட்டுவார்.

அறிகுறி: டேட்டா என்ட்ரி செய்தேன், இப்போது "வக்கீல் நோட்டிஸ்" வருகிறது

படித்துப் பார்க்க முடியாத படங்களைத் தந்து தட்டச்சு செய்யச் சொல்லி, முடிவில் "பிழை கூடிவிட்டது, ஒப்பந்தப்படி தண்டம் கட்டு, இல்லாவிட்டால் கைது" என்று மிரட்டுவார்கள். தட்டச்சில் பிழை விட்டதற்கு யாரையும் கைது செய்வதில்லை. ஒப்பந்தப் பிணக்கு என்றால் அது சிவில் விவகாரம். நீதிமன்ற அழைப்பாணை வட்ஸ்அப்பில் ஒரு படமாக வருவதில்லை, பொலிஸார் கம்பனிக்காகக் காசு வசூலிப்பதுமில்லை. பதில் எழுதாதீர்கள், கட்டாதீர்கள், ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "வேலை ஒன்லைன்தான், ஆனால் தாய்லாந்துக்கு வரவேண்டும்"

டிக்கெட், தங்குமிடம், டொலரில் சம்பளம், சுற்றுலா விசா. இப்படிப் போனவர்களில் இலங்கையரும் தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, மேலே நான் சொன்ன அதே மோசடிகளைச் செய்ய வற்புறுத்தப்பட்டார்கள். சிலர் மீட்கப்பட்டு நாடு திரும்பினார்கள். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. உங்களோடு இனிமையாக எழுதுகிற அந்தப் "பெண்" கூட கடவுச்சீட்டைப் பறிகொடுத்த யாரோ ஒரு தம்பியாக இருக்கலாம்.

வெளிநாட்டு வேலை எதுவாக இருந்தாலும் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி பெற்றாரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 இல் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு என்றால் கேட்கவே தேவையில்லை, போக வேண்டாம்.

அறிகுறி: ஃப்ரீலான்ஸ் தளத்தில் வேலை கிடைத்தது, ஆனால் வெளியே வந்து பேசச் சொல்கிறார்

வேலை கொடுக்கிறவரையும் வேலையை எடுத்துச் செய்கிறவரையும் இணைக்கும் அப்வேர்க், ஃபைவர் போன்ற தளங்கள் உண்மையானவை. அங்கே வருகிற வாடிக்கையாளர் எல்லோரும் உண்மையானவர்கள் என்று சொல்ல முடியாது. "டெலிகிராமுக்கு வாருங்கள்" என்று முதல் வரியிலேயே சொன்னால், தளத்தின் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே எடுக்கப் பார்க்கிறார். நிலையான விலை ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் முதலில் காசைத் தளத்தில் கட்டிவைக்க வேண்டும். அது கட்டப்பட்டதாகக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 வீதம் எடுக்கும், ஆனால் கழித்துத்தான் எடுக்கும். அப்வேர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்க "கனெக்ட்ஸ்" என்ற விண்ணப்பப் புள்ளிகளைச் சிறு தொகைக்கு வாங்க நேரலாம். முன்கூட்டியே காசு கேட்பதெல்லாம் மோசடி என்ற விதிக்கு இது ஒரு நேர்மையான விலக்கு. அந்தக் காசு தளத்துக்குப் போகிறது, வாடிக்கையாளருக்குப் போவதில்லை.

"உங்கள் அப்வேர்க் கணக்கை வாடகைக்குத் தாருங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள். கணக்கு மூடப்படும், உங்கள் பெயரும் கெடும். மாதிரி வேலை கேட்டால் ஒரு பக்கம், ஒரு படம் நியாயம். பத்துப் பக்கம் மொழிபெயர்த்துத் தா, பார்த்துச் சொல்கிறேன் என்றால் அது இலவசமாக வேலை வாங்குவது. அதற்குக் காசு கேளுங்கள்.

அறிகுறி: எல்லாம் பார்த்துவிட்டேன், பிழை ஒன்றும் அகப்படவில்லை

சரி, அப்படியென்றால் வேலை உண்மையாக இருக்கலாம். உண்மையான வேலைக்கும் சில அடையாளங்கள் உண்டு. உங்களைச் சோதிப்பார்கள், திருத்துவார்கள், வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். வேலை நேரம் இருக்கும். சம்பளம் உங்கள் திறமைக்கு ஏற்றபடி, நம்பக்கூடிய அளவில் இருக்கும். இலங்கை நிறுவனம் ஊழியராக எடுத்தால் நியமனக் கடிதம் தரவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் அவர்களுடைய பங்காக 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதமும் கட்டவேண்டும். ஊழியராக இல்லாமல் ஃப்ரீலான்ஸாக வேலையை எடுத்துச் செய்கிறவருக்கு இந்த நிதிகள் இராது, ஆனால் என்ன வேலை, எவ்வளவு, எப்போது காசு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் காசு எந்த வழியில் வரும் என்பதையும் முதலிலேயே பேசுங்கள். இங்கே பலர் பேயோனியர் என்ற ஒன்லைன் பணம் பெறும் சேவை வழியாகத் தங்கள் வங்கிக்கு எடுக்கிறார்கள்.

முதல் மாதத்தில் வேலையைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, கொடுத்ததற்குக் காசு வந்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். வேலைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் சேமிப்பை வைக்காதீர்கள். பெரிய கணினி வாங்கக் கடன் எடுப்பதை இரண்டு மூன்று சம்பளம் கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். பழைய கணினி ஒன்றில், அல்லது நூலகத்தில், அல்லது எங்களைப் போன்ற ஒரு கடையில் இருந்து தொடங்கலாம். யாராவது "இன்றைக்கே முடிவு சொல்லவேண்டும்" என்று அவசரப்படுத்தினால் அந்தத் தகவலைத் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை எதையும் அழுத்த வேண்டாம். அடையாள அட்டையோடு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அந்த உரையாடலையும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் பண்ண முன் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம், அதற்குக் காசு இல்லை.